தட்டின் முதுகு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை நிறுத்திவைத்துக் கேட்க வேண்டாம்.

புதுச்சேரி ஞாயிறு சந்தையில் பழைய ஸ்டவ், ஜோடி இழந்த செருப்பு, ஓடாத கடிகாரம் இவற்றுக்கு நடுவே ஒரு பீங்கான் தட்டு கிடந்தது. கனத்த வெள்ளைத் தட்டு, விளிம்பில் ஒரு பச்சைக் கோடு. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். சீமைப் பீங்கானுக்கு முதுகில்தான் ஜாதகம் எழுதியிருக்கும், எந்த ஆலை, எந்த ஊர், அதிர்ஷ்டம் இருந்தால் எந்த ஆண்டு என்பதுவரை. இந்தத் தட்டின் முதுகில் சிமெண்ட் அப்பியிருந்தது. ஒரு எழுத்துக்கூடத் தெரியவில்லை.

சோறு தின்கிற தட்டின் முதுகில் சிமெண்ட் எப்படி வரும்? கடைக்காரரைக் கேட்டேன். "வேணும்னா எடு, வேணாட்டி வை. வெயில் ஏறுது" என்றார். வைத்துவிட்டு வந்துவிட்டேன். அது 2006 மார்ச் மாதம். அன்றிலிருந்து இதை எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன். சொல்லப்போனால் அலுத்துவிட்டது. எழுதாமல் விட்டுவிடலாம் என்றால் அதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

2

தொடக்கங்கள் மூன்று.

"மரக்காணத்து உப்பளங்களின் மேல் சூரியன் தன் பொற்கதிர்களை...

(அடித்தாயிற்று. உப்பளத்தில் சூரியனை ரசிக்கிற ஆள் ஒருவரும் இல்லை. அது உச்சிக்கு ஏறுவதற்குள் வாரிக் குவித்துவிட்டு ஓடத்தான் பார்ப்பார்கள்.)

"அலை வந்துபோன அடுத்த வருடம்...

(இது உண்மை. சுனாமி அலை வராவிட்டால் இந்தக் கதையே இல்லை. ஆனாலும் அந்த வருடம் எழுதப்பட்ட எல்லாமே இப்படித்தான் தொடங்கின. கொஞ்சம் தள்ளி வைக்கிறேன்.)

"தனகோடி பொய் சொல்லிப் பிழைக்கிறவன்."

இது நிற்கட்டும்.

தனகோடி கிளியனூர்க்காரன், நாற்பதைத் தாண்டியவன். புதுச்சேரியில் ஒரு பழம்பொருள் கடையில் வேலை. மொபெட்டை எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலையின் இரண்டு பக்கத்து ஊர்களிலும் வீடு வீடாகப் போய்ப் பழைய பீங்கான், கண்ணாடி, விளக்கு என்று வாங்கிவருவான். கடையில் கிடந்த படப் புத்தகங்களைப் புரட்டியும், கையில் வந்த தட்டுகளைத் திருப்பியும் சில விஷயங்கள் அவனுக்குப் பிடிபட்டிருந்தன. முதுகில் வெறுமனே 'இங்கிலாந்து' என்றிருந்தால் பழசாக இருக்க வாய்ப்புண்டு. 'மேட் இன் இங்கிலாந்து' என்றால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடலாம் என்று எழுதியிருந்தால் அது நம் காலத்துச் சாமான், கீழே வைத்துவிடலாம். பூவைப் பார்த்து ஆண்டு சொல்லக் கூடாது. உலக யுத்தம் முடிந்தும் சில ஆண்டுகள் அந்த ஊர்க்காரர்களுக்கே வெறும் வெள்ளைத் தட்டுதான் கிடைத்தது, பூப்போட்டதெல்லாம் கப்பலேறி வெளிநாட்டுக்குப் போய்விட்டது. சில ஆலைகள் மட்டும் ஈரமண்ணிலேயே மாதத்தையும் ஆண்டையும் எண்ணாகக் குத்திவிடும். அது கிடைத்துவிட்டால் மேல்பேச்சே இல்லை.

இவ்வளவும் தெரிந்துகொண்டு கடைக்கு வருகிறவர்களிடம் என்ன சொல்வான்? ஐம்பதுகளில் செய்த தட்டைக் கவர்னர் சாப்பிட்ட தட்டு என்பான். அவர்களும் நம்பி வாங்கிப் போவார்கள். இதில் அவனுக்குப் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. பல் தேய்ப்பதுபோல அது ஒரு வேலை.

* தனகோடிக்கு ஒரு குடும்பம் கொடுக்கலாமா என்று யோசித்தேன். மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு மாமியார். இத்தனை பேரைக் கட்டி மேய்க்க என்னால் ஆகாது. அவர்கள் கிளியனூரில் நன்றாக இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3

2005 அக்டோபர். மழை தொடங்கி உப்பு வேலை நின்றுபோயிருந்தது. மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு தெருவில் மொபெட்டை நிறுத்திவிட்டுக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தவனை ஒரு பெண் வந்து மறித்தாள். அவள் பெயர் அந்தோணியம்மாள். ஐம்பது வயது சொல்லலாம், உப்புப் பாத்தியில் நின்று நின்று கால் வெடித்தவள்.

"பீங்கான் வாங்குறவன் நீதானா தம்பி?"

"ஆமாங்கக்கா. இருக்குதா?"

"ரெண்டு இருக்குது. விக்கிறதுக்கில்ல. பாத்து எந்த வருசம்னு சொல்லணும்."

விற்காத சாமானைப் பார்ப்பது கடைக்கு நஷ்டம். ஆனால் அன்று காலையிலிருந்து அவனுக்கு ஒன்றும் அகப்படவில்லை, மழையும் விட்டிருந்தது. பின்னால் நடந்தான். அவள் வீட்டுக்குப் போகவில்லை. உப்பளக் கரையை ஒட்டியிருந்த கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள்.

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிமெண்டுக் கல்லறைகள். இரண்டிலும் தலைமாட்டில் ஆளுக்கொரு பீங்கான் தட்டு, முகம் வெளியே தெரியப் பதித்திருந்தது. கனத்த வெள்ளை, விளிம்பில் பச்சைக் கோடு. சுற்றி இருந்த சிமெண்டை உப்புக்காற்று தின்று சொறி பிடிக்க வைத்திருந்தது. பெயர் எழுதிய இடம் என்று ஒரு பள்ளம் மட்டும் மிச்சம். தட்டுகள் நேற்றுக் கழுவி வைத்ததுபோல இருந்தன.

"ஒண்ணு எங்கம்மா. இன்னொண்ணு எங்கப்பாவுக்கு மொத சம்சாரம். எது யாருன்னுதான் தெரியல" என்றாள்.

அவள் சொன்னதை நான் சுருக்கித் தருகிறேன். அவள் அப்பா சவரிமுத்து உப்பளத்து வேலையாள். முதல் மனைவி வெள்ளைக்காரன் போவதற்கு முந்திய வருடம் காலராவில் போய்விட்டாள். பல வருடம் கழித்துக் கட்டியவள் சூசையம்மாள். அவளும் ஐம்பத்தாறில் போய்விட்டாள். அப்போது அந்தோணியம்மாளுக்கு இரண்டு வயது. அம்மாவின் முகம் தெரியாது, போட்டோ கிடையாது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அப்பா அவளைக் கூட்டிவந்து இரண்டிலும் மெழுகுவத்தி ஏற்றச் சொல்வார். எதுப்பா அம்மா என்று கேட்டால், "ரெண்டுத்துக்கும் ஏத்து" என்பதுதான் பதில். அப்பாவும் போன பிறகு, வளர்த்த அத்தை சாகும்போது "எடப்பக்கம்டி" என்றாள்.

"அந்தக் காலத்துல தோட்டத்துக் கேட்டு உப்பளத்துப் பக்கம் இருந்துச்சு. ரோடு போட்டப்புறம் இந்தாண்ட மாத்திட்டாங்க. எந்தக் கேட்டுல இருந்து எடப்பக்கம்னு நான் கேக்கறதுக்குள்ள அது போயிடுச்சு."

"அப்ப நீங்க எதுன்னு வச்சிருக்கீங்க?"

"ரெண்டுத்துலயும் ஏத்துவேன். இந்த ரோட்டு கேட்டுக்கு எடப்பக்கம் இருக்குது பாரு, அதும்மேல கைய வச்சிதான் அழுவேன்."

இத்தனை வருடம் இப்படியே ஓடிவிட்டது. போன டிசம்பரில் அலை வந்ததில் கல்லறைத் தோட்டத்தில் இடம் தீர்ந்துபோனது. கோயில் கமிட்டி கூடிப் பேசியது. பெயர் அழிந்த கல்லறைகளை இடித்துச் சமன் செய்துவிடலாம். தங்கள் ஆள் என்று சொல்கிறவர்கள் ஒன்றை வைத்துக்கொண்டு புதுக் கல்லில் பெயர் வெட்டட்டும், குடும்பத்துக்கு ஒன்றுதான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, செத்தவர்களுக்கு இடம் வேண்டாமா.

"நானும் போனா எங்கம்மா கூடத்தான் போட்ணும்னு சொல்லி வச்சிருக்கேன். உசுரோட இருக்கச்ச ஒரு நாளும் அதுங்கூடப் படுத்ததா ஞாபகம் இல்ல" என்றாள். "எங்கம்மாவ நானே காட்டிக் குடுத்து இடிக்க வுட்டுடுவனோன்னு பயமா இருக்குது தம்பி" என்றாள்.

4

தனகோடி குனிந்து பார்த்தான். ஓட்டல் ரகம். கப்பலுக்கும் ரயிலுக்கும் பங்களாவுக்கும் போனது. அந்தப் பச்சைக் கோடு வருடக்கணக்காக மாறாமல் போட்ட கோடு, முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. முதுகைப் பார்த்தால் சொல்லலாம்.

அவன் கணக்கு எளிமையானது. முதல் மனைவி போனது சுதந்திரத்துக்கு முன்னால். அதற்குப் பின்னால் செய்த தட்டு எதில் இருக்கிறதோ அதுதான் சூசையம்மாள்.

(எனக்கும் அப்போது அவ்வளவுதான் தோன்றியது. என்னைவிடக் கெட்டிக்காரரான நீங்கள் வேறு ஏதாவது யோசித்திருந்தால் தயவுசெய்து இப்போது சொல்லாதீர்கள்.)

"உள்ள இருந்து எடுக்கணுங்கக்கா. ஒடஞ்சாலும் ஒடையும்."

"எடு."

"தட்டு எங்கருந்து வந்துச்சுன்னு தெரியுமா?"

"உப்பு ஆபீசரு பங்களாவுல அப்பா தண்ணி தூக்குச்சு. ஆபீசரு மாத்தலாகிப் போறப்ப குடுத்துட்டுப் போனாருன்னு அத்த சொல்லும். அதுல சோறு தின்னு யாரும் பாத்ததில்ல."

வண்டியிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்தான். இடப்பக்கத்துத் தட்டைச் சுற்றி நெம்பினான். சிமெண்ட், டீயில் ஊறின பிஸ்கெட் மாதிரி உதிர்ந்தது. தட்டு முழுசாக அவன் கையில் வந்தது. மழைத் தண்ணீரில் கழுவி, முதுகில் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினான். முதலில் ஒரு கிரீடம். அதன் கீழே 'மேட் இன் இங்கிலாந்து'. அதற்கும் கீழே, மண்ணில் குத்திய இரண்டு எண்கள். மூன்று. ஐம்பத்தைந்து.

"அம்பத்தஞ்சு, மூணாம் மாசம். சொதந்திரத்துக்கு அப்புறம் செஞ்சதுக்கா. இது உங்கம்மாதான்."

அந்தோணியம்மாள் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். கல்லறைமேல் கையை வைத்துக்கொண்டாள். பிறகு, "சரியான எடத்துலதான் அழுதிருக்கேன்" என்றாள். ஒரு வருடத்தை உள்ளபடி சொல்லி ஒருத்தர் சந்தோஷப்பட்டுத் தனகோடி பார்த்ததே இல்லை.

முற்றும்.

5

முற்றும் என்று நிஜமாகவே எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். களைத்துப்போனவன் எழுதுகிற முடிவு அது. ஆனால் அந்தோணியம்மாள் எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவுங்களுதயும் எடுத்துடு தம்பி. எப்டியும் இடிக்கப் போறாங்க, தட்டாவது மிஞ்சட்டும்" என்றாள்.

நான் அவளை அப்படிச் சொல்லவைக்க நினைக்கவில்லை. ஆனால் சொல்லாமல் இருப்பாளா? அவளை இவ்வளவு தூரம் கொண்டுவந்த பிறகு இதைத்தான் சொல்வாள்.

வலப்பக்கத்துத் தட்டும் சேதமில்லாமல் வந்தது. கழுவினான், சுரண்டினான். கிரீடம். மேட் இன் இங்கிலாந்து. மூன்று. ஐம்பத்தைந்து.

இங்கே நான் சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

தனகோடி எண்ணின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, "இது ரொம்பப் பழசுக்கா, முப்பத்தஞ்சு" என்கிறான். வாழ்நாளெல்லாம் வாயில் வந்த பொய், இன்றைக்கும் வரும். அவள் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறாள். (நடக்காது. அவள் அவன் தோளுக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள். அவளுக்கு எண் படிக்கத் தெரியும்.)

இரண்டாவது தட்டை எடுக்கும்போதே உடைத்துவிடுகிறான். எண் இருந்த துண்டு உப்பளத்தில் போய் விழுந்துவிட்டது என்று...

(சினிமாவில் செய்வார்கள்.)

எழுதுகிறவன் நான்தானே, ஐந்தை மூன்றாகத் திருத்திவிட்டால்? ஒரு கோடு போட்டால் முடிந்தது. பேனாவைக் கொண்டுபோனேன். எந்தத் தட்டில் போடுவது? போடாத பக்கம் தப்பிக்கும், போட்ட பக்கம் இடிபடும். மேஜைக்கு இந்தப் பக்கம் டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எனக்கு அந்த இரண்டு பெண்களில் ஒருத்தியை அடையாளம் காட்ட என்ன உரிமை இருக்கிறது? அப்படியே விட்டுவிட்டேன்.

6

இரண்டு தட்டிலும் ஒரே எண் இருப்பதை அந்தோணியம்மாள் பார்த்தாள். தனகோடியைவிட வேகமாக அவளுக்கு விளங்கிவிட்டது.

"எங்கம்மா செத்தப்புறம்தான் ரெண்டுத்தையும் பதிச்சிருக்குது" என்றாள்.

"அப்டித்தான் தெரியுதுங்கக்கா."

"பத்து வருசமா ஒண்ணுமில்லாம கெடந்தவளுக்கும் ஒண்ணு வச்சிருக்குது."

"ஆமாங்க."

"எங்கம்மாவுக்குன்னு தனியா ஒரு தட்டு வைக்க மனசு வரல பாரு எங்கப்பாவுக்கு." கோபமாகத்தான் சொன்னாள். சாகும்வரை அந்த மனுஷன் யாரையும் விட்டுக்கொடுத்துப் பேசியதில்லை, இப்போது மகள் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். பிறகு, "நான்கூட ஒண்ணு மட்டும் வச்சிருக்க மாட்டேன்" என்றாள். அதில் கோபம் இல்லை.

"ரெண்டையும் வச்சிக்கிறேன்னு கமிட்டில கேட்டுப் பாருங்களேன்க்கா."

"கேட்டேன். மொத சம்சாரம் பேரச் சொல்லு, பாக்கலாம்னாங்க. அவுங்க பேரு எனக்குத் தெரியாது தம்பி. எங்க வூட்ல 'அவுங்க'ன்னுதான் சொல்லுவாங்க."

கடையில் எத்தனையோ தட்டுகளுக்கு இல்லாத வயதைக் கொடுத்தவன், கையில் சரியான வருடத்தை வைத்துக்கொண்டு நிற்கிறான். அது எதற்கும் உதவவில்லை.

ராஜாங்கம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கமிட்டிக்காரர், நல்ல மனிதர், அவருடைய தங்கையே அலையில் போனவள். பெயர்த்தெடுத்த தட்டுகளைப் பார்த்தார், அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"எதுன்னு முடிவு பண்ணிட்டியாம்மா? நாளைக்கு ஜேசிபி வருது. நானும் எவ்ளோதான் தள்ளிப் போடறது."

"இதோ சொல்றேண்ணா."

அவள் தனகோடி பக்கம் திரும்பினாள். அவன் கையிலிருந்த தட்டுகளை வாங்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, நீ ஒண்ணு சொல்லிடு."

"எனக்குத் தெரியலையேக்கா."

"தெரியாதுன்னு எனக்கும் தெரியுது. பொய்யா இருந்தா இருந்துட்டுப் போவுது. என் வாயால சொல்ல முடியல. நீ சொல்லிட்டா நம்பிக்குவேன். நாளைக்கி மேல போயி, ஏண்டி என்ன இடிச்சன்னு ஒருத்தி கேட்டா, அந்தப் பீங்கான்காரன்தான் சொன்னான்னு சொல்லிக்குவேன்."

தனகோடி வாயைத் திறந்தான். இத்தனை வருடம் தங்குதடையில்லாமல் வந்துகொண்டிருந்தது இன்றைக்கு வரவில்லை. அவன் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறான்.

என்னை எதற்குப் பார்க்கிறான்? நானும் பொய் சொல்லிப் பிழைக்கிறவன்தான், கேட்டதுமே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு மாதமாக இந்த இடத்தில் வந்து வந்து நிற்கிறேன். இடது என்று எழுதினால் வலப்பக்கம் இருக்கிறவள் பெயர்கூட இல்லாமல் போகிறாள், ஒருவேளை அவள்தான் அம்மாவாக இருந்தால்? வலது என்று எழுதினால் மகள் கை வைத்து அழுத இடம் நாளைக்குத் தரைமட்டம். நான் கோழை, என்னால் ஆகவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நீங்கள் அவர்கள் யாருக்கும் உறவில்லை. எழுதியவரும் இல்லை. உங்கள்மேல் ஒரு பழியும் வராது, பீங்கான்காரன்தான் சொன்னான் என்று அவள் சொல்லிச் சமாளித்துக்கொள்வாள். இரண்டு கையிலும் தட்டோடு நிற்கிறாள், உங்களைத்தான் பார்க்கிறாள்.

இடதா வலதா, ஒரு வார்த்தைதான். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், அங்கே காற்று அதிகம்.