மெயினை அமத்திப் பார்த்த காலை

இந்த லேப்டாப்பைத் தூக்கிக் கிணற்றில் போட்டால் என்ன என்று காலை எட்டு மணியிலிருந்து நாலு தடவை தோன்றிவிட்டது. விண்டோஸ் வேண்டாம், லினக்ஸ்தான் பத்திரம் என்று கம்பெனிக்காரன் சொன்னதை நம்பி அதைப் போட்டுக்கொண்டவள் நான். வேண்டும் எனக்கு.

எங்கள் வீடு வெண்ணந்தூரில். சுவருக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் கலையரசனின் நாலு விசைத்தறிகள். நான் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு மருத்துவமனைக் கோப்புகளைச் சரிபார்க்கிறேன். நோயாளிகளின் விவரம் என்பதால் கம்பெனி கொடுத்த விபிஎன் என்ற மறைவான பாதை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். வீட்டு நெட்டின் முகவரி அவர்கள் கண்ணில் படவே கூடாது. போன மாதம் இரண்டு முறை பட்டுவிட்டது. நாலு தறியும் ஒன்றாகக் கிளம்பினால் வோல்டேஜ் விழுந்து மோடம் அணைந்து எழும். நெட் வந்துவிடும், விபிஎன் வராது. கம்பெனி மென்பொருள் அது பாட்டுக்கு வெறும் நெட்டில் ஓடும். மூன்றாவது முறை பட்டால் ஐடியை முடக்கிவிடுவார்கள், வேலையும் போய்விடும். பிள்ளை பிறந்து நாலு வருஷம் கழித்துக் கிடைத்த வேலை இது.

"ஃபயர்வால்ல ஒரு கில் சுவிட்ச் போட்டுக்குங்க மேடம், ரெண்டு நிமிஷ வேலை" என்றார் மேலாளர் சிவபிரகாஷ். ஃபயர்வால் கணினியின் வாசல் காவல்காரன் மாதிரி; விபிஎன் விழுந்தால் அது நெட்டையும் சேர்த்து நிறுத்த வேண்டும், அவ்வளவுதானாம். சொல்வதற்கென்ன, வாய் வலிக்குமா?

இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே போகும் எல்லா வழியையும் அடை என்றது. அடைத்தேன். விபிஎன்னுக்கு மட்டும் திற என்றது. திறந்தேன். விபிஎன் இணையவில்லை. விபிஎன் சர்வரின் பெயரைச் சொல்லி அதன் எண் முகவரியைக் கேட்டு வரும் வழியையும் சேர்த்து அடைத்திருக்கிறேன். பெயரை எடுத்துவிட்டு எண் முகவரியைப் போட்டேன். இணைந்தது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. அந்தப் பக்கத்தில் சொன்ன இணைப்பின் பெயர் ஒன்று, என் கணினியில் இருப்பது வேறொன்று. அதைக் கண்டுபிடிப்பதற்குள் பத்து மணி. பதினொன்றுக்கு ஷிஃப்ட்.

பெயரை மாற்றியதும் எல்லாம் ஓடியது. விபிஎன்னை நிறுத்தினேன், நெட்டும் நின்றது. அப்பாடா என்று இருந்தது.

"காலைல இருந்து அதுகூட என்ன மல்லுக்கட்டு புள்ள?" என்று கலையரசன் வந்தார்.

"சரியாயிருச்சுங்க மாமா. இனி விபிஎன் உழுந்தா நெட்டு வராது."

"கரண்டு மெயினை அமத்திப் போட்டுப் பாத்தியா? தறிக்கு ஒரு பெல்ட் மாத்துனாக்கூட அமத்திப் போட்டு ஓட்டிப் பாத்தாத்தான நம்பறோம்."

நியாயமாகப் பட்டது. நானும் தறிக்காரர் வீட்டுப் பெண்தானே. "அமத்துங்க" என்றேன். அவர் போய் மெயினை அணைத்தார்.

லேப்டாப்பின் பாட்டரி உப்பிப்போனதால் போன வாரம்தான் அதைக் கழற்றியிருந்தேன். லேப்டாப் கரண்ட்டோடு சேர்ந்து அணைந்தது. கரண்ட் வந்ததும் பட்டனை அமுக்கினேன். கணினி எழும்போதே கம்பெனி மென்பொருளும் தானாகத் திறக்கும்படி நான்தான் வைத்திருந்தேன், தினமும் இரண்டு கிளிக் மிச்சமாகட்டும் என்று. அது திறந்தது, உள்ளேயும் நுழைந்துவிட்டது. விபிஎன்னை நான் இன்னும் தொடவேயில்லை.

மோடம் ஒயரைப் பிடுங்கினேன். ஃபயர்வாலில் என்னென்ன விதிகள் இருக்கின்றன என்று பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. போனில் அந்தப் பக்கத்தைத் தேடிக் கடைசி வரை படித்தேன். விதிகளைத் தனியாகச் சேமிக்காவிட்டால் கணினி அணைந்ததும் அழிந்துபோகும் என்று அங்கே எழுதியிருந்தது. காலையில் அதுவரை படிக்க எனக்குப் பொறுமை எங்கே இருந்தது?

படித்துக்கொண்டிருக்கும்போதே குறுஞ்செய்தி வந்தது. ஐடி முடக்கப்பட்டது, இனி உள்நுழைய முயல வேண்டாம். அழுகை வரவில்லை. என்னையே நாலு அறை அறையலாம் போல இருந்தது.

தறிக்கூடத்து வாசலிலிருந்து கலையரசன் தலையை நீட்டினார். "நெட்டு வந்துருச்சா புள்ள?"

"வந்துருச்சுங்க" என்றேன்.

"நாஞ் சொன்னனில்ல" என்று சந்தோஷமாகப் போய் நாலு தறியையும் ஓட்டிவிட்டார்.