அது சேலை அல்ல, நைட்டி

1

இது முதலில் ஒரு வேடிக்கைக் கட்டுரையாக இருந்தது. வார இதழ் ஒன்றின் வீட்டு அலங்காரச் சிறப்பிதழுக்கு 'பழைய பீரோவைப் புதிதாக்குவது எப்படி' என்று கேட்டிருந்தார்கள். எனக்கு மரவேலை தெரியாது. அக்கா வீட்டில் ஒருமுறை உப்புத்தாள் தேய்த்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில் ஒப்புக்கொண்டேன்.

மக்கிலிருந்து ஆரம்பித்தேன். மரத்தில் உள்ள ஓட்டைகளை அடைக்கிற பசைக்கு மக்கு என்று பெயர். "கொஞ்சம் மக்கு வேணுமே" என்றார் அத்தான். "அதான் என் தம்பி வந்திருக்கானே" என்றாள் அக்கா. இதுவரை நானே சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். அடுத்த வரி இது: 'பிறகு, வார்னிஷ் தடவ ஒரு பழைய பருத்தித் துணியை எடுத்துக்கொள்ளுங்கள்.'

அங்கே கை நின்றுவிட்டது. கட்டுரை போகவில்லை. அதற்குப் பதிலாக வந்தது இது.

2

அக்கா கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவள், நாற்பதை நெருங்கும்போது அத்தானைக் கட்டிக்கொண்டாள். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். முதல் மனைவி நோயில் போய்விட்டார். ஒரே மகள், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் அவளுக்குக் கீச்சு என்று பெயர். (அந்தப் பெயரை வைத்தது அவள் அம்மா. அக்கா அதை வாயில் எடுப்பதில்லை. "அது அவங்க வெச்ச பேருடா" என்பாள்.)

இரண்டு வீட்டுச் சாமானும் ஒரே வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. எல்லாம் மூட்டையும் அட்டைப்பெட்டியுமாகக் கிடந்தது. சட்டையைத் தேடினால் போர்வை வரும். போர்வையைத் தேடினால் மிக்ஸி மூடி வரும். அக்கா பழைய சாமான் கடையில் ஒரு மரப் பீரோவைப் பார்த்துவிட்டு வந்தாள். மேலே இரட்டைக் கதவு, கீழே மூன்று இழுப்பறை. கறுப்புப் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. ஒரு கால் குட்டை. அக்காவுக்கு அந்த மூன்று இழுப்பறைதான் கண்ணில் பட்டது.

"ஆளுக்கு ஒண்ணு. உனக்கு எது வேணும்மா?"

"எதுன்னாலும் சரி, சித்தி."

"என்ன கலர் அடிக்கலாம்?"

"எதுன்னாலும் சரி."

இழுத்துப் பார்த்ததில் எது லேசாக வந்ததோ அதை அவளுக்கென்று வைத்தாள். அதன் ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து இன்னும் வழுக்கவிட்டாள்.

[அக்காவை ரொம்ப நல்லவளாக எழுதுகிறேனோ? கூடப் பிறந்தவன் எழுதினால் வரும் கோளாறு. சரி, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்த மூட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் தான் வந்து தங்கியிருக்கும் விருந்தாளி என்று அவளுக்குத் தோன்றியது. அவை கண்ணிலிருந்து மறைந்தால் போதும் என்றிருந்தது. பீரோ வாங்கியதில் அந்தச் சுயநலமும் உண்டு.]

3

'அது அவள் தாய் விட்டுச்சென்ற சேலை. அதன் இளநீல மடிப்புகளில்—'

அடித்துவிட்டேன். அது சேலை அல்ல, நைட்டி. கதைகளில் இறந்துபோன அம்மாக்கள் சேலையைத்தான் விட்டுச் செல்கிறார்கள். நைட்டி என்றால் கண்ணியம் குறைந்துவிடுமோ என்று பயந்தேன். ஆனால் அந்த அம்மா சமைத்ததும், மகளுக்குத் தலை பின்னியதும், கடைசியில் படுத்துக் கிடந்ததும் அந்த மாதிரி நைட்டியில்தான். துவைத்துத் துவைத்து நைந்து, பூப்போட்டதா கட்டம் போட்டதா என்று தெரியாத அளவுக்கு வெளுத்தது. கீச்சு அதை ஒரு மூட்டையின் அடியில் வைத்திருந்தாள். வைக்க வேறு இடம் இல்லை.

மொட்டைமாடியில் வேலை நடந்தது. அக்கா டப்பாவைத் திறந்துவிட்டு, "மெத்துனு ஒரு துணி வேணுமே" என்றாள். அத்தான் கீழே போய் மூட்டைக்குள் கையை விட்டு ஒன்றை உருவிக்கொண்டு வந்தார்.

"இந்தா. நல்லா நைஞ்சது."

"யாரோடது?"

"யாரோடதோ. பழசு. கிழிச்சுக்கோ."

அவரே கிழித்தும் கொடுத்தார். பிறகு தின்னர் வாங்கக் கடைக்குப் போனார்.

டியூஷனிலிருந்து கீச்சு வந்தபோது பீரோவின் ஒரு பக்கம் பளபளத்தது. கிழிசல் அக்கா கையில் பழுப்பாக, ஈரமாக இருந்தது. கீச்சு பீரோவைப் பார்க்கவில்லை.

"அது எங்கம்மா நைட்டி."

அக்காவின் கை அப்படியே நின்றது.

"யாரு எடுத்தா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் உப்புத்தாளைப் பார்த்தேன்.

"நான்தாம்மா. மூட்டைல இருந்துச்சு. பழசுன்னு நெனச்சுட்டேன்" என்றாள் அக்கா.

"சரி" என்று சொல்லிவிட்டுக் கீச்சு கீழே போனாள். அழவில்லை. அழுததாக ஒரு வரைவு எழுதினேன். அது எனக்கு ஆறுதலாக இருந்தது, அதனாலேயே எடுத்துவிட்டேன்.

அத்தான் தின்னரோடு மேலே வந்தார். "என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

4

அக்கா அந்தத் துணிகளைத் தின்னரில் அலசினாள், சோப்பில் ஊறவைத்தாள். கறை போகவில்லை. இருந்த வாசனைதான் போயிற்று.

"ஏங்க்கா பழியை உன்மேல போட்டுக்கிட்ட?" என்று கேட்டேன்.

"அவளுக்கு அம்மா இல்ல. பொண்டாட்டி போட்டிருந்த துணிகூட இவருக்கு அடையாளம் தெரியலன்னு சொல்லி, அப்பாவையும் அவகிட்டேருந்து நான் எடுத்துக்கணுமா?"

சண்டை எதுவும் வரவில்லை. கீச்சு கேட்டதற்குப் பதில் சொன்னாள், போட்டதைச் சாப்பிட்டாள், சித்தி என்றே கூப்பிட்டாள். இழுப்பறையில் மட்டும் எதையும் வைக்கவில்லை. அவள் துணிமணி கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டியிலேயே இருந்தது. அக்கா அந்த இழுப்பறையில் விரித்த தாளை அவ்வப்போது மாற்றிப் புதுத்தாள் விரிப்பாள். அதை வேறு எதற்கும் பயன்படுத்தவும் மாட்டாள். அத்தானுக்கு ஒன்றும் புரியவில்லை. "சின்னப் பொண்ணு. நீதான் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகணும்" என்று அக்காவுக்குப் புத்தி சொன்னார். அக்கா தலையாட்டினாள்.

போன வருடம் கடையில் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். லென்ஸைத் துடைத்தபடியே, "அன்னிக்கே உள்ளதைச் சொல்லியிருந்தா அவ ஒரு வருஷம் அழுதிருப்பா, அவ்வளவுதானே?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் வாடிக்கையாளர் வந்துவிட்டார்.

5

முடிவு ஒன்று: அத்தான் தானே நினைவுவந்து மகளிடம் சொல்கிறார். [நடக்காது. அவருக்கு அந்த நாளே நினைவில்லை.]

முடிவு இரண்டு: கீச்சு ஒருநாள் தன் துணிகளை இழுப்பறையில் அடுக்க, அக்கா கதவோரம் நின்று— [இதை எழுதி இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். பொய்.]

முடிவு மூன்று இல்லை. அதற்குப் பதிலாகப் போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன்.

6

கீச்சு இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தாள். நானும் போயிருந்தேன். அக்காவும் அத்தானும் சமையலறையில் இருந்தார்கள். கீச்சு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பீரோ கதை எழுதுறீங்களாமே மாமா. அந்தத் துணி விஷயமும் வருதா?"

"வருது."

விரலில் துப்பட்டா நுனியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"சித்தி யாரோட சாமானையும் கேக்காம தொட மாட்டாங்க. பெருக்குறதுக்குக்கூட என் பெட்டியை என்கிட்ட கேட்டுட்டுத்தான் நகர்த்துவாங்க. வேலைக்குப் போன எடத்துல தனியா இருக்கும்போது இதைத்தான் நெனச்சுப் பாத்தேன். அவங்க எப்படி மூட்டைய அவுத்திருப்பாங்க?"

துப்பட்டாவை விரலிலிருந்து அவிழ்த்துவிட்டாள்.

"நீங்க அன்னிக்கு அங்க இருந்தீங்க மாமா. யாரு எடுத்தா?"

சமையலறையில் அத்தான் எதையோ சொல்ல, அக்கா சிரிப்பது கேட்டது. அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு நாளாகிறது.

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதப் போவதில்லை. சொன்னேனா என்பதையும்தான். எனக்குத் தெரிந்தது எல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். கீச்சு கேட்டுவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

நீங்கள் சொல்லுங்கள். சமையலறைக்குக் கேட்காமல் மெதுவாக.