கோப்பின் தலையில் இருந்த பெயர்

முத்தையாபுரம் வீட்டின் முன்னறையில் அன்று மூன்று பேர். கணினிக்கு எதிரே எமில்டா. வாசலை ஒட்டிய பெஞ்சில் அவள் மாமனார் பாஸ்கல். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் ஜாக்சன். எமில்டாவின் புருஷன் செல்வினோடு துறைமுகத்தில் கணினி வேலை பார்த்தவன். செல்வின் மஞ்சள்காமாலையில் போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது.

பழைய வைஃபை கார்டு ஒன்றை ஓட வைக்கச் செல்வின் ‘டிரைவர்’ என்னும் நிரலை எழுதி, இலவச இயங்குதளக் குழு ஒன்றுக்குக் கொடுத்திருந்தான். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். கோப்பின் தலையில் உள்ள அவன் பெயரையும் நிபந்தனையையும் மட்டும் அழிக்கக் கூடாது. அவன் கேட்ட கூலி அவ்வளவுதான்.

பெயருக்குப் பக்கத்தில் மெயில் முகவரி இருந்ததால், அவன் இறந்த பிறகும் கடிதங்கள் வந்தன. ‘அன்புள்ள செல்வின், லேப்டாப்பை மூடித் திறந்தால் கார்டு எழவில்லை’ என்று போலந்திலிருந்து யாரோ எழுதுவார். எமில்டா ஒன்றுவிடாமல் வாசிப்பாள். அவன் இருக்கிறான் என்று நினைத்துக் கூப்பிட அவர்கள்தான் மிச்சம். கொஞ்ச நாளாக அதுவும் நின்றுபோயிருந்தது. ஜாக்சனை வரச் சொல்லிக் கேட்டாள்.

“நாந்தான் மைனி எடுத்தேன். அந்த டிரைவரை நான் இருக்கிற வேற குழுவுக்குக் கொண்டுபோனேன். இப்ப எல்லாரும் அங்கன உள்ளதைத்தான் ஓட்டுதாவ. அங்க லைசென்ஸ் நிபந்தனை வேற. அதை மேல போட்டுட்டு, செல்வின் பேரையும் முகவரியையும் தூக்கிட்டேன். குறை சொல்லி எழுதுவானுவ, நீங்க பாத்து அழுவியன்னு...”

“ஏலே, பெரிய தர்மவான்!” என்றார் பாஸ்கல். “குறை சொல்லி ஒருத்தன் எழுதிட்டா, எம்மவன் சோத்தைப் போட்டுட்டு ஓடுவாம்லா. கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்ட மாரி!”

“முகவரி கிடக்கட்டும். பேரை எதுக்கு எடுத்தீய தம்பி?” என்று கேட்டாள் எமில்டா.

“இன்னைக்கே சத்தமில்லாம திரும்பப் போட்டுருதேன்” என்றான் ஜாக்சன்.

“ஏற்கனவே உங்ககிட்ட இருந்து பேரில்லாம எடுத்தவங்களுக்கு?”

“அவங்களுக்கும் தெரியணும்னா நடந்ததைக் குழுவுக்கு எழுதணும். வாரிசுன்னு உங்க கையெழுத்தையும் தாள்ல கேப்பாங்க. எழுதினா... என்னைய வெளிய போடுவாங்க மைனி. நானும் அவனும் ஆசைப்பட்டு இறங்கின வேலை.”

எமில்டா அவன் முகத்தைப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது.

“எழுதுங்க” என்றாள்.

அவன் ஒரு பக்கம் எழுதினான். அவள் தன் பக்கத்தை எழுதினாள். பெயர் திரும்ப வேண்டும்; முகவரி வேண்டாம். ஏன் என்பதை மட்டும் இரண்டு முறை எழுதி அடித்தாள். கடைசியில் எழுதினாள்: ‘அவர் இனிப் பதில் எழுத மாட்டார்.’

கையெழுத்திட்ட இரண்டு தாளையும் மடித்து, ஜாக்சனின் குழு முகவரி எழுதிய உறையிலிட்டு ஒட்டினாள். பாஸ்கல் வாங்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறினார். தபால் நிலையத்தில் எடை பார்த்து, முத்திரை குத்தி, பைக்குள் போட்டார்கள்.