ரூபினி போடாத கீறல்

லாரிகளுக்குப் பெயர் ஸ்டிக்கர் வெட்டிக் கொடுப்பதுதான் தேயிலை மலை ஊரான ரிங்லெட்டில் ரூபினியின் பிழைப்பு. இப்போது எல்லாருக்கும் ஒரே எழுத்துதான் வேண்டும்: தடியாக, வலப்பக்கம் சாய்ந்து, பெயிண்ட் உரிந்தது போலக் கீறல் விழுந்த எழுத்து. புது லாரிக்குக் கிழட்டு எழுத்து, அப்படி ஒரு மோகம்! மெஷின் வெட்டியதும் அந்தக் கீறல்களை ஊசியால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுப்பவள் அவள்தான்.

நேற்று மாலைப் பனியில், கொழுந்து பறித்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுப் பவளம் அக்காவை ஒரு லாரி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அக்கா இன்னும் கண் திறக்கவில்லை.

காலையில் போலீஸ்காரர் கடை வாசலில் நின்ற லாரியைச் சுற்றி வந்தார். அது ரூபினியின் கணவன் குகனேஸ்வரனுடையது. பம்பரில் இருந்த 'காளியம்மன் துணை'யை விரலால் தடவினார்.

"எங்கய்யா இடிச்ச? எழுத்தெல்லாம் உரிஞ்சு கெடக்கு."

"அது டிசைன் லா, சார். என் பொண்டாட்டி வெட்டினது. அவளையே கேளுங்க."

ரூபினி குனிந்து பார்த்தாள். எல்லாம் அவள் கிள்ளிய கீறல்கள். 'ளி'யின் வளைவில் இருந்த ஒன்றை மட்டும் அவள் கிள்ளவில்லை. அதன் ஓரத்தில் பச்சைக் கம்பளி நூல் சிக்கியிருந்தது. பவளம் அக்காவின் சுவெட்டர் பச்சை.

அவள் நிமிர்ந்தாள். குகனேஸ்வரன் இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டிசைன்தான், சார்," என்றாள்.

போலீஸ்காரர் போனதும் அவன் நிதானமாக அந்த நூலை உருவி எடுத்துவிட்டு, அவள் தோளில் கை வைத்தான்.

"ஏன் ரூபி நடுங்குற? டிசைன்னு நீதானே சொன்ன."