மோட்டார் போட்டுட்டு வாரேன்

கமுதிப் பக்கம் அந்த ஊரில், கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன பொம்பளையைத் திருப்பிக் கூட்டிவர வேண்டுமா, கூப்பிடு கூத்தையாவை. இதுவரை பதினொரு குடும்பத்தை ஒட்டவைத்த வாய் அது. "சோறு இறங்கமாட்டேங்குது தாயி ஒன் புருசனுக்கு, பாதி ஆளாப் போயிட்டான்" என்று ஆரம்பித்தால், எதிரே இருக்கிறவள் மூக்கைச் சிந்தாமல் இருக்க மாட்டாள். புருசன்காரன் பக்கத்தில் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தால் போதும். அவன் வாயைத் திறந்தால்தான் காரியம் கெடும்.

இப்போது அவர் பொண்டாட்டி பூமயிலே போய்விட்டாள். வாலிநோக்கத்தில் அண்ணன் வீட்டில் இருபத்தாறு நாளாக இருக்கிறாள். சண்டை என்று ஒன்றும் இல்லை. அவள் அம்மா செத்துக் கருமாதி முடிந்து வந்த சாயங்காலம், "செத்த நேரம் பக்கத்துல உக்காருங்க" என்றாள். "மோட்டார் போட்டுட்டு வாரேன்" என்று மிளகாய்த் தோட்டத்துக்குப் போன மனுசன் இருட்டித்தான் வந்தார். மறுநாள் அவள் முதல் பஸ் ஏறிவிட்டாள்.

தனக்காகத் தானே பேசுகிற வழக்கம் அங்கே எவனுக்கு இருக்கிறது? சித்தப்பா மகன் ராக்கப்பனைக் கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தார். கர்மம், அவனும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தான்.

"சோறு இறங்கமாட்டேங்குது மதினி அண்ணனுக்கு, பாதி ஆளாப்..."

"நிறுத்துங்க தம்பி," என்றாள் பூமயில். "நாலு வீட்டுக்கு நானும் இவுக கூடப் போயி இதைக் கேட்டவதான். காப்பியக் குடிச்சிட்டு வெளிய இருங்க. அவுக பேசட்டும்."

கூத்தையா உத்தரத்தைப் பார்த்தார். இந்த வருசம் மிளகாயில் பூச்சி விழுந்ததைச் சொன்னார். 

பூமயில் எழுந்துவிட்டாள். "இதைச் சொல்லத்தான் வந்தீகளா? அப்ப அடுத்த பஸ்சுக்குக் கிளம்புங்க. நான் இனி வரல."

 பதினொரு வீட்டில் பேசிய பேச்சில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

"அன்னைக்குத் தோட்டத்துக்குத் தண்ணி தேவையில்ல," என்றார். "மொத நாள்தான் மழை பேஞ்சிருந்துச்சு."

"பெறகு எதுக்கு மோட்டார்?"

"அந்தச் சத்தத்துல அழுதா வெளிய கேக்காது. அத்தை எனக்கும் சோறு போட்டவுக, புள்ள. அய்யா செத்தப்பவும் அங்கன போயித்தான் அழுதேன்."

முப்பது வருசம் கூட வாழ்ந்தவளுக்கு இது புதுச் செய்தி. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது அவளுக்கு.

"அங்கன நீங்க ஒத்தையில, இங்கன நான் ஒத்தையில. அந்த மோட்டாருக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியக் கூடாதாக்கும்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது, சின்னப் பிள்ளை மாதிரி சத்தமாக. வெளியே ராக்கப்பன் காப்பி டம்ளரோடு எழுந்து நின்றுவிட்டான். உப்பளத்தில் வேலை முடிந்த ஆட்கள் தெருவில் வந்துகொண்டிருந்தார்கள்.

பூமயில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கதவைச் சாத்திட்டு வரவா?"

"வேணாம்," என்றார். "நீ எந்திரிக்காத."