சுடர் ஆடாத படம்

குழுவாக எடுத்த படத்தைக் கையில் கொடுத்தால், யாராக இருந்தாலும் முதலில் தன் மூஞ்சியைத்தான் தேடுவார்கள். சாய்மாவும் அப்படித்தான் தேடினாள். முக்காடு சரியாக இருந்தது, கண் மூடவில்லை, நல்லது. அதோடு விட்டிருக்கலாம். விடாமல் பக்கத்திலிருந்த குத்துவிளக்கைப் பார்த்துத் தொலைத்தாள்.

டிசம்பர் மாதத்து மத்தியானம். அடையாறில் அவள் ஐந்து வருஷமாகக் காளான்களோடு மல்லுக்கட்டும் ஆய்வுக்கூடம். மறுநாள் கருத்தரங்கில் பேசுவதற்காகக் கணினியில் படங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பேச்சின் கடைசியில் 'நன்றி' என்று போட்டு, கூடத்து ஆட்கள் எல்லோரும் நிற்கும் படத்தைக் காட்டுவது இந்த வட்டாரத்தில் வழக்கம். இருப்பதிலேயே லட்சணமான படம் ஆயுத பூஜைக்கு எடுத்ததுதான். மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம், சென்ட்ரிஃபியூஜுக்குக் குங்குமம், காளான் வளர்க்கும் முதல் அலமாரிக்கு முன்னால் பொரி, கடலை, வாழைப்பழம், விளக்கு.

விளக்கின் சுடர் நேராக நின்றது. ஊதுபத்திப் புகை கூட வளையாமல் மேலே போயிருந்தது.

அந்த இடத்தில் சுடர் நேராக நிற்க வழியே இல்லை. அலமாரிக்கு ஒன்றாக விசிறி உண்டு; காளான் மூச்சுவிட்டு அழுக்காக்கிய காற்றை அது இரவு பகலாக வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அங்கே போகும்போதெல்லாம் அவள் துப்பட்டா பறக்கும். பூஜையன்று விளக்கு இரண்டு தடவை அணைந்ததும், "மூணாந்தடவையும் அணைஞ்சா எனக்கு மனசு ஆறாது, அந்த விசிறியைச் செத்த நிறுத்தேன்" என்று அவளுடைய வழிகாட்டி காமாக்ஷி மேடம் சொன்னதும், தான் எட்டிச் சுவிட்சை அணைத்ததும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. அணைத்தது சாய்மாவின் கைதான். திரும்பப் போட்டது எந்தக் கை? அதுதான் ஞாபகம் வரவில்லை.

விசிறி நின்றால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். சாய்மாவின் குடி முழுகிவிடும். அவள் வளர்த்தது ரெய்ஷி என்கிற மருந்துக் காளான். வார்னிஷ் அடித்த மரத்துண்டு மாதிரி இருக்கும், வாயில் வைத்தால் நாக்கு செத்துப்போகும். மருந்துச் சரக்கு அந்தக் கசப்பில்தான். கசப்பைத் தயாரிப்பது காளானுக்குள் இருக்கும் ஒரு புரதம். அந்தப் புரதத்தின் மேல் அசெட்டைல் என்ற சின்ன ஒட்டு ஏறினால் வேலை வேகமாக நடக்கும், கழன்றால் மந்தமாகிவிடும். ஒட்டு கழலாமல் காக்க சாய்மா ஒரு கரைசல் கண்டுபிடித்தாள். முதல் அலமாரிக் காளான்களுக்குக் கரைசலைத் தெளித்தாள், இரண்டாவது அலமாரிக்கு வெறும் தண்ணீர். சோதித்துப் பார்த்தால், முதல் அலமாரிக் காளானில் ஒட்டு ஏறிய புரதம் சோதனைப் படலத்தில் கன்னங்கரேல் என்று பட்டையாகத் தெரிந்தது. இரண்டாவதில் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்தது. கசப்பும் இரட்டிப்பு. கட்டுரையை ஒரு நல்ல பத்திரிகை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஜனவரியில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் மார்ச்சில் ஜெர்மனியில் வேலை.

முதல் அலமாரியில் பாதிக் காளான்கள் குடை விரியாமல் மான்கொம்பு மாதிரி நீண்டிருந்தன. அதையும் கரைசலின் மகிமை என்றுதான் எழுதிவைத்திருந்தாள். கெட்ட காற்று தேங்கினாலும் ரெய்ஷி அப்படித்தான் வளரும் என்பது அவளுக்குத் தெரியாத விஷயமா என்ன?

உதவியாளர் கபாலி பின்கட்டில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக அந்தக் கூடத்தின் சாவிகள் அவரிடம்தான்.

"அண்ணே, ஆயுத பூஜை லீவு முடிஞ்சு வந்தப்ப மொத அலமாரி விசிறி ஓடிச்சா?"

"எங்க ஓடுச்சு? நின்னுக்கினு இருந்துச்சு மேடம். நாந்தான் திங்கக்கெழம வந்து போட்டேன். பூஜ போட்ட மிஷினாச்சே, நீங்களே ரெஸ்ட் குட்த்து வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். இன்னா, எதுனா தப்பாயிடுச்சா?"

செவ்வாய் சாயங்காலம் பூஜை. புதன், வியாழன் விடுமுறை, வெள்ளிக்கிழமை எல்லோரும் லீவு போட்டார்கள், அப்புறம் சனி, ஞாயிறு. ஐந்து நாளுக்கு மேல் காளான்கள் புழுங்கியிருக்கின்றன. அடுத்த வாரமே அவற்றைப் பறித்துத்தான் சோதனை செய்தாள். கரைசல் செய்த வேலையா, காற்று செய்த வேலையா? அவளுக்கே தெரியாது. தெரியாததைத் தெரிந்தது என்று அச்சுக்கு அனுப்பியாகிவிட்டது.

சாய்மா விஷயத்தைச் சொல்லி நீட்டிய படத்தைக் காமாக்ஷி மேடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இதை ஏண்டி பாத்தே?"

"நன்றி சொல்றதுக்கு மேடம்."

"நன்னா சொன்னே போ." விரலால் மேஜையைத் தட்டினார். "கரைசலும் வேலை செஞ்சிருக்கலாம் இல்லையா? விசிறிதான் காரணம்னு எப்படிச் சொல்றே? கட்டுரை வரட்டும். நீ ஜெர்மனிக்குக் கிளம்பு. சாவகாசமா இங்க வேற யாரையாவது வெச்சுண்டு நான் திரும்பச் செஞ்சு பாக்கறேன். விசிறி நின்னது யாருக்குத் தெரியப்போறது?"

"கபாலி அண்ணனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இப்ப உங்களுக்கும் தெரியும். அதுக்குள்ள மூணு பேர் ஆயாச்சு மேடம்."

"வேலை போயிடும், சாய்மா."

"போயிடும்."

சொல்லிவிட்டாளே ஒழிய, பேருந்தில் மந்தைவெளி தாண்டுவதற்குள் அழுதுவிட்டாள். அந்த வேலைக்காக அவள் இரண்டு வருஷம் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். ராயப்பேட்டை வீட்டில் அவள் அம்மா ஜமீலுன்னிசா பெட்டி வாங்கி, கம்பளிச் சட்டையும் ஊறுகாய் பாட்டிலும் அடுக்க ஆரம்பித்துவிட்டாள். சாய்மா நடந்ததைச் சொன்னாள். அம்மா பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தத் தண்ணிய அடிச்சா காளான் கசக்குமா, கசக்காதா?"

"தெரியலம்மா."

"தெரியாமயா அஞ்சு வருஷம் போன?"

சுருக்கென்று தைத்தது. அன்றைக்கே மறுநாள் பேச்சை ரத்து செய்தாள், பத்திரிகைக்குக் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதினாள், ஜெர்மனிக்கும் உண்மையை எழுதினாள். பத்திரிகை நன்றி சொன்னது. ஜெர்மனியும் மிக மரியாதையாக நன்றி சொல்லி, மார்ச்சுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது.

அதற்கப்புறம் சோதனையைத் திரும்பச் செய்தே தீருவது என்று சாய்மா ஒற்றைக் காலில் நின்றாள். இந்தத் தடவை ஒவ்வொரு அலமாரியிலும் பாதிப் பைகளுக்குக் கரைசல், பாதிப் பைகளுக்குத் தண்ணீர். ஒரு அலமாரியின் விசிறி ஓடும், இன்னொன்றின் விசிறி ஐந்து நாள் நிற்கும். எது எந்தப் பை என்பதைக் கபாலி மட்டும் குறித்துவைத்துப் பூட்டிக்கொண்டார். கடைசிவரை சாய்மா அதைக் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. உதவித்தொகை பிப்ரவரியோடு நின்றுபோனது. காலையில் நந்தனத்தில் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் கூடத்துக்கு வந்தாள். நோன்பு மாதத்தில், தொண்டை வறண்டுகிடக்க, கபாலி எண் மட்டும் போட்டுக் கொடுத்த புட்டிகளிலிருந்து காளானுக்குத் தெளித்தாள். அலமாரியில்தான் ஏதாவது கோளாறோ என்ற சந்தேகமும் இருக்கக் கூடாது என்று, முதல் சுற்று முடிந்ததும் அலமாரிகளை மாற்றிப்போட்டு இன்னொரு மூன்று மாதம் வளர்த்தாள். காமாக்ஷி மேடம் தினமும் வந்து விசிறிக்கு எதிரில் கையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

ஜூன் மாதம் பட்டைகள் வந்தன. கபாலி தன் குறிப்பை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தார். விசிறி ஓடிய அலமாரியில் கரைசல் தெளித்ததும் வெளுப்பு, தண்ணீர் தெளித்ததும் வெளுப்பு. விசிறி நின்ற அலமாரியில் இரண்டுமே கறுப்பு. இரண்டு சுற்றிலும் அதே கதை. அவள் கண்டுபிடித்த கரைசல் ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை. காளானுக்கு மூச்சு முட்டினால் புரதத்தில் ஒட்டு ஏறுகிறது, கசப்பு கூடுகிறது. காற்றுதான் எல்லாம். சாய்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"தலைப்பை மாத்தணும்" என்றார் காமாக்ஷி மேடம்.

"தலைப்பு மட்டுமா மேடம், நாலு அத்தியாயம்."

ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு செப்டம்பர் கடைசியில் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பொடிவைத்துப் பேசுகிற மனிதர். ஒரு மணி நேரம் குடைந்தெடுத்தார். சாய்மா அசரவில்லை. கடைசியில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"கரைசல்ல ஆரம்பிச்சிருக்கீங்க. திடீர்னு காத்துப் பக்கம் போயிட்டீங்க. காத்து மேல சந்தேகம் எப்படிம்மா வந்தது? எந்தக் கட்டுரையைப் படிச்சீங்க?"

சாய்மா கடைசிப் பக்கத்துக்குப் போனாள். திரையில் 'நன்றி' என்ற சொல்லும், அதன் கீழே ஆயுத பூஜைப் படமும் வந்தன. பின்வரிசையில் காபித் தட்டோடு நின்ற கபாலி தன்னைத் திரையில் பார்த்துச் சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"விளக்கு ஆடலை சார். அந்த இடத்துல ஆடணும்."

தேர்வாளர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். சுடரையும் பார்த்தார், பின்னாலிருந்த அலமாரியையும் பார்த்தார். அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

"விசிறியை யார் நிறுத்தினது?"

"நான்தான் சார்."

முன்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. காமாக்ஷி மேடம் எழுந்து நின்றிருந்தார். முப்பது வருஷம் அந்த அறையில் மற்றவர்களைக் கேள்வி கேட்டவர், மாணவர்கள் எல்லோரும் பார்க்க, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"நிறுத்தச் சொன்னது நான்" என்றார். "அதை வெளியில சொல்ல வேண்டாம்னு சொன்னதும் நான்தான்."