புள்ளிகளில் சிக்கிய சேர்வர்

பதுளை நகரில், தேயிலைத் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களுக்காக நடந்த உதவி மையமொன்றில் கேசினி கணினிப் பொறுப்பாளர். நானூறு ஆசிரியர்கள் இருந்த மின்னஞ்சல் குழுவை அவள்தான் பார்த்துக்கொண்டாள். 2004இல் ஒரு வியாழக்கிழமை, குழுவுக்கு அனுப்பிய கடிதங்கள் யாருக்கும் போய்ச் சேரவில்லை. சேர்வரின் புரொசசர் நூறு வீதச் சுமையில் ஓடிக்கொண்டிருந்தது.

அலுவலக உதவியாளர் ஜௌபர் அந்தச் சேர்வரில் இந்திப் பாட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தது அவளுக்குத் தெரியும். அதனால்தான் இப்படி என்று வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் சொல்லி, அவன் கையாலேயே அழிக்க வைத்தாள். சுமை குறையவில்லை. நிறுத்தித் திரும்பப் போட்டாலும் இரண்டு நிமிடத்தில் பழைய நிலைதான்.

திங்கட்கிழமைதான் எந்த நிரல் புரொசசரைத் தின்கிறது என்று நிதானமாகப் பார்த்தாள். கடிதங்களில் வசவுச் சொல் தேடும் வடிகட்டி. இரண்டு மாதம் முன்பு குழுவில் தொழிற்சங்கச் சண்டை முற்றியபோது அவளே எழுதியது. எழுத்துகளுக்கிடையே புள்ளி வைத்துத் திட்டினாலும் பிடித்துவிடும் என்று அதில் அவளுக்குப் பெருமை.

தேங்கிய கடிதங்களை ஒதுக்கி ஒவ்வொன்றாக விட்டாள். நான்காவதில் சேர்வர் திணறியது. தெமோதரைப் பக்கத்துப் பாடசாலை அதிபர் ரெங்கசாமி அனுப்பிய, பல பாடசாலைப் பிள்ளைகளுக்கான கருத்தரங்கின் நேர அட்டவணை. கட்டம் போடத் தெரியாமல் பாடத்துக்கும் நேரத்துக்கும் நடுவே வரி வரியாகப் புள்ளி வைத்திருந்தார். வடிகட்டி ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் வசவின் அடுத்த எழுத்தைத் தேடி, கிடைக்காமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தது.

வடிகட்டியை எடுத்தாள். சுமை மூன்று வீதத்துக்கு இறங்கியது. உடனே ரெங்கசாமிக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"நாலு தரம் அனுப்பினேங்க மிஸ்," என்றார் அவர். "நேத்தே கருத்தரங்கு முடிஞ்சிருச்சு. எங்க ஸ்கூல் பிள்ளைங்க மட்டும்தான் வந்தாங்க."

அவள் மன்னிப்புக் கேட்டாள். அவர் பரவாயில்லை என்றார். குரலில் அது தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் இருக்கும்போதே ஜௌபரிடம் போனாள்.

"ஜௌபர், உங்கட பாட்டால வந்த பிரச்சினை இல்லை. நான் எழுதினதிலதான் பிழை."

"சரி மிஸ்," என்று சொல்லிவிட்டு அவன் தொடர்ந்து சாப்பிட்டான். அந்த வாரம் முழுவதும் வேலை விஷயம் தவிர அவளோடு வேறெதுவும் பேசவில்லை.